சாமி வராத ஆள்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரை நீளும் இந்தப் பருவத்தில் கூத்து ஜமாவுக்கு, அதாவது ஆட்டக் குழுவுக்கு, நிலையான இடம் என்று ஒன்று கிடையாது. வேஷப் பெட்டியும் மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் திரைத்துணியும் ஓர் ஊரில் இறங்கும், ஆட்டம் முடிந்தால் அடுத்த ஊருக்கு வண்டி ஏறும். நகரத்து நவீன நாடகக் குழுக்கள் கிராமங்களுக்குப் போகும்போது மேடை நிர்வாகி என்று ஒருவரை அழைத்துப் போகின்றன. ஜமாவில் அந்தப் பதவி இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் கிரீடத்தையும் யாரும் தனக்குத்தானே கட்டிக்கொள்ள முடியாது. பின்னால் நின்று கயிற்றை இழுத்து முடிச்சுப்போட இன்னொருவர் வேண்டும். வேஷம் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வரும்போது திரையை இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் போதுமா, வரவேண்டிய ஆள் பஸ் ஏறிவிட்டாரா, பெஞ்சு எங்கே, கற்பூரம் யார் கையில், கிழக்கு வெளுப்பதற்குள் கதை எந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை ஒருவர் மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில இரவுகளில் அது வாத்தியார். சில இரவுகளில் கேலி பேசிக் கதையை நகர்த்தும் கட்டியக்காரன். பல இரவுகளில் வேஷம் கட்டும் கொட்டகைக்குள் இருக்கும் யாரோ ஒருவர்.

அந்த ஒருவரைப் பற்றி ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. கூத்து நடக்கும் இரவு ஊருக்கு வழிபாட்டு இரவும்கூட. மழைக்காக விராட பருவம் ஆடுகிறார்கள். இறந்தவருக்குச் செய்யும் கருமாதிச் சடங்கோடு சேர்த்துக் கர்ண மோட்சம் ஆடுகிறார்கள். அர்ஜுனன் தபசு அன்று நட்டுவைத்த உயரமான மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏற, அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் காத்திருக்கிறார்கள். துகில் உரியும் இரவில் திரௌபதி வேஷக்காரருக்கும் துச்சாதன வேஷக்காரருக்கும் ஆவேசம் வருவதுண்டு, கூட்டத்திலும் பலருக்குச் சாமி வரும். ஊரே தன்னை மறக்கும் அந்த நேரத்தில் ஒரே ஒருவர் மறக்காமல் இருந்தாக வேண்டும். விழுகிற தலை எந்தப் பக்கம் இருக்கிறது, விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் அம்மன் தெரியும்போது அவருக்கு ஒயர் தெரியும். அப்படியானால் அந்த இரவின் பலனில் அவருக்குப் பங்கு உண்டா? அவர் வழிபாட்டுக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே கூலிக்கு நிற்கிறாரா? உள்ளே இருக்கிறார் என்பதோடு, அவர் இல்லாமல் அந்த உள்ளே என்பதே அமையாது என்பது என் கட்சி.

எதிர்க்கட்சி வலுவானது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்ப் பக்தி மரபு கசிவை உரைகல்லாக வைத்திருக்கிறது. கண்ணீர் பெருக வேண்டும், நாத் தழுதழுக்க வேண்டும், தான் என்பது கரைய வேண்டும். மாணிக்கவாசகரைப் படித்தவர் யாரும் கரையாத நெஞ்சை ஒரு தகுதியாகச் சொல்லத் துணியமாட்டார். அந்தப் பெருமக்கள் தங்கள் மனம் கல்லாக இருக்கிறதே என்று அழுதிருக்கிறார்களே தவிர, கல்லாக இருப்பது நல்லது என்று பாடவில்லை. கிராமத்து வழக்கும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. சாமி வருவது பேறு. வராதவர் கைகட்டி ஓரமாக நிற்பார். ஆக, கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பவர் பக்தியின் கீழ்ப்படியில் இருக்கிறார் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஏவல் செய்தார், சாப்பிட்டார், கூலி வாங்கினார், போனார் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சாமி வருதல் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்தப் படிக்கட்டு ஆட்டம் காண்கிறது. ஒருவருக்குச் சாமி வந்ததும் அது அருள்வாக்கு ஆகிவிடுவதில்லை. ‘யாரு வந்திருக்கிறது?’ என்று கேட்க ஒரு பூசாரி வேண்டும். வந்திருப்பது அம்மனா, வேறு ஏதாவது காற்றா, அல்லது வெறும் வெயில் மயக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என்ன குறை, என்ன கேட்கிறது என்று விசாரித்து ஊர் சார்பில் வாக்குக் கொடுக்க வேண்டும். கடைசியில் திருநீறு பூசி, கற்பூரம் காட்டி, மலையேற்றிவிட வேண்டும். கேட்க ஆளில்லாமல் ஒருவர் தனியே வயல்வெளியில் ஆடினால் அதை ஊர் சாமி என்று ஒத்துக்கொள்ளாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். ஆவேசம் என்பது ஒருவர் உடம்புக்குள் நடக்கும் சங்கதி என்று தோன்றினாலும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தன்னை இழக்கிறார், மற்றவர் இழக்காமல் நிற்கிறார். இரண்டாவது ஆளுக்கும் சாமி வந்துவிட்டால் முதல் ஆளின் சாமி பேச்சற்றுப் போகும். இப்படியிருக்க ஒருவரை உயர்ந்தவர் என்றும் மற்றவரை ஏவலாள் என்றும் எந்தக் கணக்கில் பிரிப்பது?

இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிற இடம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூர். அங்கே நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தில், நரசிம்ம முகமூடி வெறும் நாடகச் சாமான் இல்லை, பூசை பெறுகிற மூர்த்தம். அதை அணிபவர் அன்றைக்கு விரதம் இருப்பார். தூணிலிருந்து வெளிப்படும் கட்டத்தில் அவருக்கு ஆவேசம் ஏறிவிடும் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், இரணியனாக நிற்பவர்மேல் பாய்ந்துவிடாதபடி அவரைப் பலர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பிடித்திருக்கும் கைகளைச் சற்று நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும். வந்திருப்பது நரசிம்மம் என்று அவர்கள் துளியும் நம்பாவிட்டால் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, நடிப்புத்தானே என்று விட்டுவிடலாம். முழுக்க நம்பி அதிலேயே மூழ்கிவிட்டால் பிடிக்கவும் முடியாது, ஏனென்றால் அவதாரத்தின் காரியத்தைத் தடுக்க யாருக்கு உரிமை? எதிரே நிற்பவர் இரணியன் என்பதையும், அவர் நாளைக் காலையில் காபி குடிக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் என்பதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பவரால்தான் அங்கே நிற்க முடியும். அந்த இரட்டை அறிவை நம்பிக்கைக் குறைவு என்று சொல்வது அநியாயம். ஆடுபவருக்கு ஒரு சத்தியத்தைச் சுமந்தால் போதும், பிடிப்பவர் இரண்டைச் சுமக்கிறார்.

வேஷத்தின் வேகத்துக்கு அணை வேண்டும் என்பதைத் தமிழ் நாடகம் நன்றாக அறிந்தே வைத்திருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டிய காலத்தில், அந்த உருவத்தைக் கண்டு கர்ப்பிணி ஒருத்தி அதிர்ந்து கருக் கலைந்ததாகவும், அதன்பிறகு அவர் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் விவரம் எப்படி இருந்தாலும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நாடக உலகம் எதற்கு அஞ்சியது என்பது தெரிகிறது. பின்னாளில் அவர் ஆசிரியராக நின்று பிறரை ஆடவைத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். ஆடியவர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியதால் நாடகத்துக்கு நட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேள்வி மரபு இதே கேள்வியைக் கூச்சமில்லாமல் பணக் கேள்வியாகவே கேட்டிருக்கிறது. பெரிய வேள்வியில் நான்கு தலைமைப் புரோகிதர்கள். ஹோதா ரிக்கை ஓதுவார், உத்காதா சாமத்தைப் பாடுவார், அத்வர்யு கையால் செய்யவேண்டிய அத்தனையையும் செய்வார். நான்காமவருக்குப் பிரம்மா என்று பெயர். அவர் தெற்கே உட்கார்ந்து பெரும்பாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற மூவரும் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்யும்போது சும்மா உட்கார்ந்திருக்கும் இவருக்கு எதற்குத் தட்சிணை என்று ஐதரேய பிராமணம் கேட்கிறது. அதன் பதில்: வேள்விக்கு அவர்தான் வைத்தியர். மூவரில் யார் எங்கே தவறினாலும் கண்டுபிடித்துப் பரிகாரம் செய்து வேள்வியைக் குணப்படுத்துவது அவர் பொறுப்பு. சாந்தோக்கிய உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேள்விக்கு வாக்கு, மனம் என்று இரண்டு பாதைகள், மற்றவர்கள் வாக்கின் பாதையைச் செம்மை செய்கிறார்கள், பிரம்மா மனத்தின் பாதையைச் செம்மை செய்கிறார், மௌனம் காக்கவேண்டிய வேளையில் அவர் வாய் திறந்தால் வேள்வி ஒற்றைச் சக்கர வண்டிபோல் கெட்டுப்போகும் என்கிறது. ஓதுகிறவருக்கு இருக்கும் பரவசம் இவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. கூடவே, மூவர் செய்வதையும் அறிந்திருக்கவேண்டிய சுமையும் இவர் தலையில்தான். தவறைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சரி எது என்று முழுக்கத் தெரிந்திருக்க வேண்டுமே. கூத்திலும் அதுதான் நிலை. எந்தத் தருவுக்குப் பின் எந்த வேஷம், எந்த விருத்தத்தைத் தேவையானால் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்று தெரியாதவரால் இரவை நடத்த முடியாது.

நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் கதை எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது. உலகின் முதல் நாடகம் இந்திரனின் கொடி விழாவில் அரங்கேறுகிறது. தேவர்கள் அசுரர்களை வென்றதே அதன் கதை. பார்க்க வந்த அசுரர்களுக்குக் கோபம். விக்கினங்களோடு சேர்ந்து நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் கட்டிப்போடுகிறார்கள். இந்திரன் கொடிக்கம்பைப் பிடுங்கி அவர்களை அடித்து நொறுக்குகிறான். அதன்பிறகும் தொல்லை ஓயாததால் விசுவகர்மாவைக் கொண்டு நாடகசாலை கட்டுகிறார்கள், கட்டியபின் பிரமன் ஒவ்வொரு தேவருக்கும் ஓர் இடத்தைக் காவலுக்குப் பிரித்துக் கொடுக்கிறான். சந்திரனுக்கு மண்டபம், மருத்துகளுக்கு மூலைகள், அக்கினிக்கு வேதிகை, மித்திரனுக்கு ஒப்பனை அறை. இந்திரனே மேடைப் பக்கத்தில் நின்றுகொள்கிறான். வேடிக்கை என்னவென்றால், ஆடப்படுவது தேவர்களின் கதை, ஆடுபவர்கள் பரதரின் பிள்ளைகள், தேவர்களுக்கு அதில் வேஷம் இல்லை. அவர்கள் ஒப்பனை அறை வாசலில் காவல் நிற்கிறார்கள். தேவனாக நடிப்பதைவிட நாடகம் தடையில்லாமல் நடக்கக் காவல் நிற்பது தேவனுக்குத் தகுந்த வேலை என்று அந்தக் கதையைச் சொன்னவருக்குத் தோன்றியிருக்கிறது. கடவுளை நாடக ஆசிரியனாகவும் பொம்மலாட்டக்காரனாகவும் உருவகித்தவர்கள் ஏராளம். ஒப்பனை அறைக் காவலனாக நினைத்தவர்கள் குறைவு என்பதால் இது கவனிக்கத்தக்கது.

வேள்வியும் நாட்டிய சாஸ்திரமும் வடமொழி மரபு, தெருவில் ஆடும் கூத்துக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது செல்லுமா என்று கேட்கலாம். கூத்து அவற்றிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அந்த வம்சாவளிச் சண்டையில் எனக்கு ஆர்வமும் இல்லை. மூன்று இடத்திலும் மனிதர்கள் ஒரே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள் என்பதே என் வாதத்துக்குப் போதும். தமிழுக்குள்ளேயே சான்று வேண்டுமென்றால் பெரியபுராணத்துக்குப் போகலாம். கசிவை உரைகல்லாக வைத்த அதே மரபு 63 நாயன்மாரைத் தொகுத்தபோது யாரையெல்லாம் சேர்த்தது? துணி வெளுத்தவர், மீன் பிடித்தவர், தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். இவர்களோடு விளக்கெரித்தவர்கள் மூவர்: நமிநந்தியடிகள், கணம்புல்லர், கலியர். இந்த மூவரின் கவலையைப் பாருங்கள். திருவாரூரில் நமிநந்தியடிகளுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. கணம்புல்லருக்கு நெய் வாங்கக் காசில்லை, அறுத்துக் கொண்டுவந்த புல்லும் விலைபோகவில்லை. திருவொற்றியூரில் செல்வம் கரைந்துபோன கலியருக்கு அன்றைய எண்ணெய்க்கு வழியில்லை. விளக்கு உரிய நேரம்வரை எரிய வேண்டும், அணையக்கூடாது என்பதுதான் அவர்களை அலைக்கழித்தது. ஜெனரேட்டர் அருகில் உட்கார்ந்திருப்பவரின் கவலைக்கும் இதற்கும் எண்ணெயின் பெயர்தான் வேறு. என் வாதத்துக்கு இடறலான ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணம்புல்லர் முடிவில் தன் தலைமுடியையே எரிக்கிறார், கலியர் தன் கழுத்தை அரிந்து குருதியை ஊற்றப் போகிறார். விளக்குக்காரரும் கடைசியில் எல்லை கடந்த பிறகே இறைவன் தோன்றுகிறான் என்று படிப்பவர்கள் உண்டு. ஆனால் சேக்கிழார் சொல்லும் வரிசையைப் பார்த்தால், தலைமுடியும் கழுத்தும் வருவது எண்ணெய்க்கு மாற்றாக. அவர்கள் பரவசத்தைத் தேடிப் போகவில்லை, விளக்கை அணையவிடக் கூடாது என்ற கணக்கில் அடுத்த பொருள் எது என்று தேடினார்கள்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு தத்துவ வடிவமே கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இறைவனுக்குத் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் இவற்றைக் கூத்தப்பிரானின் திருமேனியில் இடம் பிரித்துக் காட்டுகிறது. துடி படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள். மறைத்தல் எங்கே? ஊன்றிய திருவடியில். ஆட்டத்தை நினைத்தால் நம் கண் தூக்கிய திருவடிக்கே போகும், அதைப் பாடியவர்களே மிகுதி. ஆனால் உடல் முழுவதும் நிற்பது மற்றக் காலின்மேல். அது முயலகனை மிதித்து அசையவிடாமல் பிடித்திருக்கிறது. மறைத்தல் என்பது ஒரு தண்டனைபோல் தோன்றினாலும் அதுவும் அருளே, உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னைக் காட்டாமல் நின்று உலகத்தை அதற்குக் காட்டுகிறான் என்பது சித்தாந்திகளின் விளக்கம். ஆடாத காலும் ஆடுபவனுடைய காலே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஊன்றிய கால் ஆட்டத்துக்கு வெளியே நிற்பதாக யாரும் சொல்வதில்லை. கொட்டகைக்குள் நிற்பவர் வழிபாட்டுக்கு வெளியே நிற்கிறார் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

வேதாந்திகள் வேறொரு வழி காட்டக்கூடும். முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள், ஒன்று பழம் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்க்கிறது. கூத்தை நடத்துபவரை அந்தப் பார்க்கும் பறவையாக, சாட்சியாக வைத்துக்கொண்டால் என்ன? எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பறவை கிளையைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. இவரோ டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடவேண்டியவர். பற்றில்லாமல் பார்ப்பவர் சாட்சி. இவருக்குப் பற்று உண்டு, இந்த இரவு கெட்டுப்போகக்கூடாது என்ற பற்று. கட்டியக்காரனைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அவன் களரிக்குள் நிற்பவன், கேலி பேசுபவன், தூதனாகவும் காவலாளியாகவும் மாறிக்கொள்பவன். வரவேண்டிய வேஷம் இன்னும் அரிதாரம் பூசி முடிக்கவில்லை என்றால் கதையை நீட்டுவான், தூங்குகிற கிழவரைச் சீண்டிக் கூட்டத்தை எழுப்புவான், துரியோதனனின் கச்சை அவிழ்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடுவான். கூத்தில் திரை பிடிப்பவரையும் கட்டுபவரையும் கூட்டம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, கொட்டகைத் தட்டிச் சந்து வழியாகப் பையன்கள் வேஷம் கட்டுவதை வேடிக்கை பார்ப்பதும் வழக்கம். ஆகவே இவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்று பேசுவது கொஞ்சம் மிகை. தெரிந்தும் கணக்கில் வராதவர் என்பதே சரி.

அடுத்த தடை இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. வேலையைக் கவனமாகச் செய்பவர் எல்லாரும் பக்தர் என்றால் பந்தல்காரர், மைக்செட்காரர், பலூன் விற்பவர் எல்லாரையும் நாயன்மார் ஆக்கிவிடலாமே? மைக்செட்காரருக்குச் சாமி நம்பிக்கையே இல்லாவிட்டால்? நான் கோடு போடும் இடம் நம்பிக்கை இல்லை, கவனம் எதன்மேல் நிற்கிறது என்பது. பலூன் விற்பவரின் கவனம் பலூன்மேல் இருக்கலாம், அதில் தவறும் இல்லை. மைக்கைச் செருகிவிட்டு வேனுக்குள் படுத்துத் தூங்குபவரின் கவனம் எங்கும் இல்லை. ஆனால் பாடுபவரின் குரல் கம்முவதை அவருக்கு முன்பே கேட்டு ஒலியைச் சரிசெய்பவரை என்ன சொல்வது? தன் விருப்பத்தையும் தூக்கத்தையும் தள்ளிவைத்து, தன்னுடையதல்லாத ஒன்று நன்றாக நடக்கவேண்டும் என்று விழித்திருப்பவரின் நிலைக்கும் தியானத்துக்கும் எவ்வளவு தூரம்? வேள்வியின் பிரம்மாவிடம்கூட உனக்கு எவ்வளவு பக்தி என்று யாரும் கேட்கவில்லை, தவறு நடந்தால் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். நம்பாதவர் கொடுக்கும் முழுக் கவனத்தை அம்மன் ஏற்கமாட்டாள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளுடைய திருவிழாவில் ஒருவர் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார் என்ற உண்மை அவர் உள்ளத்தில் என்ன நினைத்தார் என்பதைப் பொறுத்து மாறிவிடாது.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்கவைக்கும் தடை ஒன்று உண்டு. ஒதுங்கி நிற்பதைப் புனிதமாக்கும் பேச்சு யாருக்கு உதவுகிறது? நம் ஊரில் சிலர் தாமாகவே பின்னால் நிற்பதில்லை, அவர்கள் பின்னால் நிறுத்தப்படுகிறார்கள். சாதியால் கோயிலுக்கு வெளியே நின்றவர்கள், சமைத்துப் போட்டுவிட்டுக் கூத்தைப் பாதியில்கூடப் பார்க்க முடியாத பெண்கள், தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கியவர்கள் ஆகியோரிடம் போய் உங்கள் நிலைதான் ஊன்றிய திருவடி என்று சொன்னால் அது ஆறுதல் ஆகாது, மோசடி ஆகும். இந்தத் தடைக்கு முழுமையான பதில் என்னிடம் உண்டு என்று சொல்லமாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும் சொல்ல முடியும். சாமி வராமல் நிற்பது வழிபாடாக வேண்டுமானால், நிற்பவருக்குச் சாமி வரவும் வழி இருந்திருக்க வேண்டும். ஆடும் வாய்ப்பு உள்ளவர் ஆடாமல் பிடித்து நிற்பது துறவு. ஆடவே விடப்படாதவர் பிடித்து நிற்பது அடிமை வேலை. இந்த இடத்தில்தான் ஜமாவின் சிறிய அளவு ஒரு தத்துவச் செய்தியாகிறது. பெரிய நாடகக் கம்பெனிகளில் சீன் இழுப்பவர் என்றும் சீன் இழுப்பவராகவே இருந்துவிடலாம். ஒரு வேனில் அடங்கும் ஜமாவில் அதற்கு ஆள் கணக்குப் போதாது. இரவு பத்து மணிக்கு இன்னொருவருக்குக் கிரீடம் கட்டிவிட்டவர் மூன்று மணிக்குத் தானே வேஷம் போட்டு வருவார், அப்போது திரை பிடிப்பது முன்னே ஆடியவராக இருக்கலாம். பிடித்திருப்பவருக்கே ஆவேசம் வந்துவிட்டால் அடுத்தவர் வந்து பிடிக்கிறார். இது ஒரு வகை மனிதருக்கு விதித்த இடம் என்று ஆகாமல், யாராவது ஒருவர் எப்போதும் நின்றாகவேண்டிய இடமாக இருக்கிறது. பெண்கள் வேஷம் கட்டாத காலத்தில் இந்தச் சுழற்சி ஆண்களுக்குள் மட்டுமே நடந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் புஜக்கட்டை அணியும் கட்டை வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்ததை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். ஆடும் உரிமை வந்த பிறகே ஒதுங்கி நிற்கும் உரிமைக்கும் பொருள் வருகிறது.

நிபந்தனையின் மற்றொரு பாதி காசு. ஐதரேய பிராமணம் கேட்ட கேள்வி நாகரிகமற்றது என்று தோன்றலாம், ஆனால் அது நேர்மையான கேள்வி. வாயால் ஓதாதவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, கொடுத்தே ஆகவேண்டும் என்று முடித்தது. அவருக்குக் கிடைத்த புகழ்மொழி அந்தத் தட்சிணையை நியாயப்படுத்தச் சொன்னதுதான், அதைக் குறைப்பதற்குச் சொன்னதில்லை. வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஜமாக்களில் கட்டை வேஷக்காரருக்கு எவ்வளவு, பின்பாட்டுக்கு எவ்வளவு, கொட்டகையில் நின்றவருக்கு எவ்வளவு என்ற பேச்சு எழும்போது இந்தத் தத்துவம் முழுக்கச் சோதனைக்கு வருகிறது. திருவிழா நோட்டீஸில் உபயதாரர்கள் பெயர் பெரிதாக வரும், வாத்தியார் பெயர் வரும், ராஜ வேஷம் கட்டுபவர் பெயர் வரும். இரவு முழுக்க விழித்திருந்தவர் பெயர் வராது, அதை அவர் எதிர்பார்ப்பதும் இல்லை, அந்த எதிர்பார்ப்பின்மை அவர் வேலையோடு பொருந்திப்போகிறது. பெயரை விட்டுவிடலாம். ஆனால் அது பக்தி வேலைதானே என்று சொல்லி அவர் பங்கில் அரைப்பங்கு குறைப்பவர், வேள்வி செய்துவிட்டுப் பிரம்மாவை வெறுங்கையோடு அனுப்பியவர். அந்த வேள்வி நிறைவேறியதாக எந்த மீமாம்சகரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.